பருக்குழிகளுக்கு ஊசி, அமிலம், லேசர்: எதை, எப்போது, எந்த வரிசையில்

பரு ஆறிய பிறகு கன்னத்தில் தங்கிவிடும் குழிகள் கிரீமால் நிரம்புவதில்லை. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் டெர்மிஸ் அடுக்கில் கொலாஜன் அழிந்துபோன இடம் அது. சில குழிகளில் அடியிலிருந்து நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டும் இருக்கும். மேலே எதைப் பூசினாலும் அந்த நார் அறாது. பருவுக்குத் தரும் அடபலீன் ஜெல்லை மாதக்கணக்கில் பூசினால் மேலோட்டமான குழிகள் சற்றே மட்டுப்படும், அவ்வளவுதான். மயக்க மருந்து கொடுக்காமல், பெரிய வெட்டுத் தையல் இல்லாமல், கிளினிக்கிலேயே ஊசியும் அமிலமும் லேசரும் கொண்டு செய்யும் சிகிச்சைகள்தான் இதற்கு வழி. முதன்முதலாக அதற்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த லேசர் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியது உங்கள் முகத்தில் இருப்பது எந்த வகைக் குழி என்பது. வகை மாறினால் சிகிச்சையும் மாறும். ஊசி முனை போன்ற ஆழக்குழிக்கு ஆறு சிட்டிங் டெர்மரோலர் (நுண்ணூசிகள் பதித்த உருளை) போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். நாரால் இழுபட்ட பள்ளத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த லேசர் அடித்தாலும் நார் அறாதவரை பள்ளம் ஏறாது. பணமும் காலமும் அதிகம் வீணாவது இங்கேதான்.

முதலில் கண்ணாடி முன்னால் ஒரு பரிசோதனை

முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் குழிகள் மறைந்துவிடும். பக்கவாட்டிலோ தலைக்கு மேலோ ஒரே ஒரு விளக்கு எரியும் இடத்தில் நின்று பாருங்கள். சன்னலோரம் பக்கம் திரும்பி நின்றாலும் போதும். குழியின் நிழல் விழுந்தால்தான் அதன் வடிவம் தெரியும்.

மிகக் குறுகலாக, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாயோடு, ஆழமாக உள்ளே போவது ஊசிக்குழி. பெரிய மயிர்த்துளை என்று பலர் இதை நினைத்துக்கொள்வார்கள். மூக்கை ஒட்டிய கன்னத்திலும் நெற்றியிலும் அதிகம். சுமார் 2 முதல் 4 மி.மீ. அகலத்தில், ஓரம் செங்குத்தாக வெட்டியது போலத் தெளிவாக, அடி தட்டையாக இருப்பது பெட்டிக்குழி; அம்மைத் தழும்பும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். அதைவிட அகலமாக, ஓரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் மேடுபள்ளமாக ஓடுவது அலைப்பள்ளம். மெத்தையில் அங்கங்கே தையல் போட்டு இழுத்தால் துணி எப்படிக் குழியுமோ, அப்படித்தான் இங்கே நார்கள் தோலை அடியில் கட்டி வைத்திருக்கின்றன.

இப்போது இரண்டு விரலால் தோலை மெல்ல இருபுறமும் இழுங்கள். பள்ளம் கிட்டத்தட்ட மறைந்தால் அது அலைப்பள்ளம். ஓரம் அப்படியே தெரிந்தால் பெட்டிக்குழி. இழுத்தாலும் கறுப்புப் புள்ளியாக நின்றால் ஊசிக்குழி. பெரும்பாலானவர்களின் முகத்தில் மூன்றும் கலந்திருக்கும். அதனால்தான் ஒரே சிகிச்சையை ஆறு தடவை திருப்பிச் செய்வதைவிட, இரண்டு மூன்று சிகிச்சைகளை வரிசையாகச் சேர்த்துச் செய்வது நல்ல பலன் தரும்.

குழியே இல்லாதவற்றையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். தடவினால் சமதளமாக இருக்கும் பழுப்பு, கறுப்புத் திட்டுகள் தழும்பு அல்ல. பருவின் அழற்சி விட்டுப்போன நிறம். வெயில் பாதுகாப்பும் அசெலாயிக் அமிலம், ரெட்டினாய்டு போன்ற பூச்சுகளும் இருந்தால் சில மாதங்களில் மங்கும். சிவந்த புள்ளிகளும் அப்படியே. இவற்றுக்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டாம். தாடையோரம், மார்பு, தோள் ஆகிய இடங்களில் தடித்து மேலெழும்பிய தழும்பு முற்றிலும் வேறு கதை. அதற்கு ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டைத் தழும்புக்குள்ளேயே ஊசியாகப் போட்டுக் கரைப்பார்கள். குழிக்குச் செய்யும் சிகிச்சைகளை அங்கே செய்தால் தடிப்பு கூடும்.

தொடங்கும் முன் முடிக்க வேண்டியவை

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது தழும்புச் சிகிச்சை தொடங்கக் கூடாது. ஒரு பக்கம் குழியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புதுக் குழி விழும். சீழ்ப்பருவின் மேல் டெர்மரோலர் ஓடினால் கிருமி முகமெங்கும் பரவும். இரண்டு மூன்று மாதமாவது பெரிய பரு வராமல் அடங்கியிருக்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு, அடபலீன், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் அல்லது ஐசோட்ரெட்டினாயின் என்று எதனால் அடங்குகிறதோ அதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் எதையும் தொடக்கூடாது என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மேலோட்டமான பீல் (அமிலத்தால் தோலை உரிப்பது), மைக்ரோநீட்லிங் (ஊசிகளால் நுண்துளை போடுவது) போன்றவற்றை அவ்வளவு காலம் தள்ளிப்போடத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் முகம் முழுவதையும் சுரண்டும் டெர்மப்ரேஷனுக்கும், முழுத்தோலையும் உரிக்கும் லேசருக்கும் பழைய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. மாத்திரை எப்போது நிறுத்தினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

இன்னொன்று நம் ஊரில் மிகச் சாதாரணம்: ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் கிரீம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, ஆண்டுக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டோடு மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த டியூப்கள் இவை. அந்தத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்திருக்கும். கிரீமை நிறுத்தினால் எரிந்து சிவக்கும். அப்படிப்பட்ட முகத்தில் ஊசியோ அமிலமோ படக்கூடாது. முதலில் மருத்துவர் பார்வையில் கிரீமிலிருந்து வெளியே வந்து, தோல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் இருக்கும் டியூபை எடுத்துப் பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் கேட்காமலே சொல்ல வேண்டியவை: காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தோல் உருண்டையாகத் தடித்து வளர்ந்ததுண்டா, உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் அடிக்கடி வருமா (லேசர் அடித்தால் அந்த வைரஸ் கிளம்பி முகமெங்கும் பரவலாம், முன்கூட்டியே மாத்திரை தருவார்கள்), முகத்தில் தட்டையான சிறு மருக்கள் இருக்கின்றனவா, கர்ப்பம், தாய்ப்பால், சர்க்கரை நோய், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்காக எழுதிக் கொடுத்தது கன்னத்துக்காக நிற்கக் கூடாது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளும் இரத்தக்கட்டைக் கூட்டக்கூடும் என்பதால் அவற்றையும் சொல்லுங்கள்.

எங்கே செய்வது

தோல் மருத்துவம் படித்தவரிடம் மட்டும். பெயர்ப்பலகையில் எம்.டி. அல்லது டி.என்.பி. தோல் மருத்துவம், அல்லது டி.டி.வி.எல். (தோல் மருத்துவ டிப்ளமா) இருக்கிறதா என்று பாருங்கள். காஸ்மெட்டாலஜி டிப்ளமா என்று மட்டும் போட்டிருந்தால் அது தோல் மருத்துவப் பட்டம் ஆகாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளிலும் இவற்றில் சிலவற்றைச் செய்வதுண்டு. கையில் பணம் குறைவு என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

பார்லரில் டெர்மாபென் (பேனா வடிவ நுண்ணூசிக் கருவி) போடுவது விலை மலிவாகத் தோன்றும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் அல்புகர்க்கியில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், நோயாளியின் இரத்தத்தையே எடுத்து முகத்தில் ஊசியால் ஏற்றும் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018இல் வெளியே வந்த அந்த விவகாரத்தை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் முழுமையாக அறிக்கையாக்கியது. இரத்தம் வரும் சிகிச்சை எதுவானாலும் ஊசிமுனையும் ரோலரும் ஒருவருக்கு ஒன்றுதான். உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கூர்முனைக் கழிவுப் பெட்டியில் போகிறதா என்று பாருங்கள். "ஸ்டெரிலைஸ் பண்ணி வெச்சிருக்கோம்" என்று பிரித்த ரோலரை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குழி எந்த வகை என்று பார்க்காமலே, முதல் நாளே ஆறு சிட்டிங் பேக்கேஜுக்கு முழுப்பணம் கேட்கும் இடத்தையும் தவிர்த்துவிடலாம். நல்ல மருத்துவர் பக்கவெளிச்சத்தில் பார்ப்பார், தோலை இழுத்துப் பார்ப்பார், போட்டோ எடுப்பார், இந்தப் பகுதிக்கு இது, அந்தப் பகுதிக்கு அது என்று பிரித்துச் சொல்வார். முழுதாக மறையாது என்றும் சொல்வார். பாதிக்குப் பாதி குறைந்தாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளும் துறை இது.

வரிசை: அடியிலிருந்து மேலே

பொதுவான ஒழுங்கு இதுதான். முதலில் அடியில் இழுக்கும் நாரை அறுப்பது. பிறகு தனித்தனி ஊசிக்குழிகளை அமிலத்தால் நிரப்புவது. கடைசியாக முகப்பரப்பு முழுவதையும் ஊசியாலோ லேசராலோ சமன் செய்வது. அனுபவம் உள்ள மருத்துவர் முதல் இரண்டையோ மூன்றையோ ஒரே நாளில் செய்வதும் உண்டு.

சப்சிஷன்: அலைப்பள்ளத்துக்கு

நியூயார்க் தோல் மருத்துவர்களான நார்மன் ஓரன்ட்ரைக்கும் அவர் மகன் டேவிட்டும் 1995இல் விவரித்த முறை. இன்றைக்கும் அலைப்பள்ளத்துக்கு இதற்கு ஈடு இல்லை. கருவி எளியது, செலவு குறைவு. அதனாலேயே இதைச் சொல்லாமல் மெஷினை மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வேலை குறிப்பது. உங்களை உட்கார வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் மார்க்கர் பேனாவால் வட்டமிட வேண்டும். படுத்துவிட்டால் தோல் பின்னால் சாய்ந்து பாதிப் பள்ளம் காணாமல் போய்விடும். படுக்க வைத்த பிறகு குறிக்கத் தொடங்கினால், "உட்கார்ந்து குறிக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

பிறகு மரத்துப்போக, அட்ரினலின் கலந்த லிக்னோகேய்ன் ஊசி. வலி இதில்தான் அதிகம், சில வினாடிகள் எரியும். தோல் வெளுக்கும்வரை பத்து நிமிடம் காத்திருப்பார்கள். அட்ரினலின் வேலை செய்து இரத்தக் குழாய் சுருங்கினால்தான் இரத்தக்கட்டு குறையும். 18 கேஜ் ஊசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியே முனை தட்டையாக வெட்டும் நோகோர் ஊசியையோ கன்னுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழாயையோ தோலுக்கு அடியில் படுக்கை வசமாக நுழைப்பார்கள். முன்னும் பின்னுமாக, பிறகு விசிறி விரிப்பதுபோல் பக்கவாட்டில் ஓட்டும்போது நார் அறும் நறநற ஓசை உங்களுக்கே கேட்கும். வலி இருக்காது, சத்தம் மட்டும்தான். இது தெரியாமல் பலர் பயந்துவிடுகிறார்கள்.

முடிந்ததும் ஐந்து முதல் பத்து நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிப்பது இந்தச் சிகிச்சையின் பாதி. சரியாக அழுத்தாவிட்டால் இரத்தம் தேங்கி, பட்டாணி அளவுக் கட்டி வாரக்கணக்கில் நிற்கும். நார் அறுந்த வெற்றிடத்தில் சிறிதளவு இரத்தம் தங்கிப் புதுக் கொலாஜன் உருவாகத்தான் வேண்டும். அளவு மீறினால்தான் பிரச்சினை. வீக்கம் இரண்டு மூன்று நாள், நீலம் பாய்ந்த நிறம் பத்து நாள் வரை, சிலருக்கு இரண்டு வாரம்.

நெற்றிப்பொட்டு, காதுக்கு முன்பக்கம், தாடை எலும்பின் நடுப்பகுதி மூன்றும் ஆபத்தான இடங்கள். முகத்தை அசைக்கும் நரம்புக் கிளைகளும் முக்கிய இரத்தக் குழாயும் அங்கே ஓடுகின்றன. அங்கே கூர்முனை ஊசியைவிடக் கன்னுலா பாதுகாப்பு. சிகிச்சை முடிந்து சில மணி நேரம் உதடு ஒரு பக்கம் சற்றே இறங்கியிருந்தால் அது மரத்துப்போகும் மருந்தின் வேலை. மறுநாளும் அப்படியே இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு மாத இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை வரை தேவைப்படலாம். அறுந்த நார் மறுபடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால்தான் ஒருமுறையில் முடிவதில்லை.

டி.சி.ஏ. கிராஸ்: ஊசிக்குழிக்கு

டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைத்து, சுவரை எரித்து, அடியிலிருந்து புதுக் கொலாஜனால் நிரப்பும் முறை. 2002இல் தென் கொரிய மருத்துவர்கள் 65, 100 சதவீதச் செறிவுகளில் செய்து வெளியிட்டார்கள். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பல மருத்துவர்கள் 50 அல்லது 65 சதவீதத்தில் தொடங்கி, தோல் எப்படி ஏற்கிறது என்று பார்த்த பிறகே கூட்டுவார்கள். அப்படித் தொடங்குவதே சரி.

முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசை போக்கிவிடுவார்கள். கூராகச் சீவிய பல்குச்சியை அமிலத்தில் நனைத்து, ஒழுகுவதைத் தட்டிவிட்டு, குழியின் அடிவரை ஒரு அழுத்து. சில வினாடிகளில் குழி பால்வெள்ளையாக மாறும். அந்த வெண்மை குழிக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே வழிந்து பக்கத்துத் தோலும் வெளுத்தால் குழி அகலமாகும், சுற்றிலும் கறுக்கும். இந்தச் சிகிச்சையில் நடக்கும் பிழைகளில் முக்கியமானது இதுதான். பெரிய பெட்டிக்குழிக்கு இதைச் செய்யத் தயங்குவதற்கும் இதுவே காரணம்.

மறுநாள் முதல் ஒவ்வொரு புள்ளியிலும் கறுத்த பொருக்கு கட்டும். ஐந்து முதல் ஏழு நாளில் தானே விழும். பிய்த்தால் குழி ஆழமாகும். பொருக்கு விழுந்ததும் கண்ணாடியைப் பார்த்தால், முன்பைவிடக் குழி அகன்று சிவந்திருக்கிறதே என்று தோன்றும். முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும். நிரம்புவது அதன் பிறகு மெல்லத்தான் தெரியும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஆறு சிட்டிங். ஹெல்மெட்டின் உள்பஞ்சு கன்னப் பொருக்கில் உரசி பெயர்த்துவிடும். இரு சக்கர வண்டியில் தினமும் போகிறவர்கள் அந்த வாரம் பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது வழியல்ல.

இந்த அமிலம் இணையத்தில் சிறு பாட்டிலில் கிடைக்கிறது. வாங்காதீர்கள். கை தவறி ஒரு துளி அதிகம் விழுந்தால் அது முகத்தில் ஆயுள்தழும்பு, கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம்.

மிக ஆழமான குழி எதற்கும் அசையாவிட்டால், 1.5 முதல் 3 மி.மீ. பஞ்ச் என்ற வட்டமாக வெட்டும் கருவியால் அதை மட்டும் வெட்டி எடுத்து ஒரு தையல் போடுவதோ, அடித்தட்டு நன்றாக இருக்கும் பெட்டிக்குழியை அப்படியே மேலே தூக்கிவிடுவதோ செய்வார்கள். சிறிய வேலை, பலன் தெளிவு.

மைக்ரோநீட்லிங்: பரப்பைச் சமன் செய்ய

டெர்மரோலரும் டெர்மாபென்னும் ஒரே கொள்கைதான்: ஆயிரக்கணக்கான நுண்துளைகள், அவை ஆறும்போது புதுக் கொலாஜன். மேல்தோல் பெரும்பாலும் அப்படியே நிற்பதால் கருமை படரும் ஆபத்து லேசரைவிடக் குறைவு. கறுத்த தோலுக்கு முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

லிடோகேய்ன் 2.5, பிரிலோகேய்ன் 2.5 சதவீதம் சேர்ந்த கிரீமைத் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி 45 முதல் 60 நிமிடம். இருபது நிமிடத்தில் கூப்பிட்டால் வலிக்கும். நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். துடைத்து, சுத்தம் செய்து, தோலை இழுத்துப் பிடித்து நான்கு திசையிலும் (மேல்-கீழ், பக்கம்-பக்கம், இரு குறுக்கு) நாலைந்து முறை ஓட்டுவார்கள். கன்னத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ., எலும்பு அருகில் இருக்கும் நெற்றிக்கு 1 மி.மீ. போதும். பரவலாகப் புள்ளிப் புள்ளியாக இரத்தம் கசிந்தால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. ஒழுகும்வரை ஓட்டுவதில் கூடுதல் பலன் இல்லை.

எலும்பின் மேல் அழுத்தி ஓட்டினால் இணைகோடாகத் தழும்பு விழும். முகத்தில் தட்டை மரு இருப்பதைக் கவனிக்காமல் ஓட்டினால் ரோலர் போன வழியெல்லாம் மரு முளைக்கும். திறந்த துளைகளின் மேல் வைட்டமின் சி சீரம் பூசியதால் தோலுக்குள் கட்டி உண்டான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பூசும் சீரம் தோலுக்குள் போவதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. அன்றைக்கு உப்புநீர், பிறகு சாதாரண மாய்ஸ்சரைசர் தவிர வேறெதுவும் வேண்டாம். இணையத்தில் விற்கும் 192 ஊசி ரோலரை வீட்டில் ஓட்டுவதையும் இதனாலேயே வேண்டாம் என்கிறோம்: 0.5 மி.மீ. ஊசி குழியைத் தொடாது, 1.5 மி.மீ. ஊசி வீட்டில் செய்யும் வேலையல்ல.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று என நாலைந்து சிட்டிங். உங்கள் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவான பி.ஆர்.பி.யைச் சேர்த்தால் ஆறுவது விரைவாகலாம், பலனும் சற்றுக் கூடலாம். அதற்காகத் தனியே கடன் வாங்கத் தேவையில்லை.

ஊசிமுனையில் ரேடியோ அலை வெப்பம் விடும் எம்.என்.ஆர்.எஃப். அடுத்த படி. அலைப்பள்ளமும் பெட்டிக்குழியும் கலந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஆழமும் ஆற்றலும் தவறினால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகும். தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்புச் சேதம் பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரிக்கை விடுத்தது. ஏற்கெனவே ஒட்டிய கன்னம் உள்ளவர்கள் ஆழத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும்.

லேசர், ஃபில்லர், பீல்

தோல் முழுவதையும் எரிக்காமல் சிறுசிறு தூண்களாக மட்டும் எரித்து, நடுவே நல்ல தோலை விட்டுவைக்கும் ஃபிராக்ஷனல் முறையை 2004இல் பாஸ்டனில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலான ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தினார்கள். 10,600 நானோமீட்டர் கார்பன்-டை-ஆக்சைடு லேசரில் இந்த முறை வந்த பிறகுதான் நம் நிறத்தவர்களுக்கு அது ஓரளவு பாதுகாப்பானது. ஆழமில்லாத பெட்டிக்குழிக்கு நல்ல கருவி. பின்னால் வரும் கருமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லேசர் புள்ளிகளின் நெருக்கம்; ஆகவே அடர்த்தியைக் குறைவாக வைத்து, சிட்டிங் எண்ணிக்கையைக் கூட்டுவதே நமக்கு ஏற்றது. "ஒரே சிட்டிங்ல முடிச்சிடலாம்" என்று அடர்த்தியைக் கூட்டுகிறவரிடம் போகாதீர்கள். முதலில் காதோரத்தில் ஒரு சிறு இடத்தில் அடித்துப் பார்த்து மூன்று நான்கு வாரம் காத்திருக்கச் சொன்னால், அவரை நம்பலாம்.

ஹயலூரோனிக் அமில ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் ஜெல்) அலைப்பள்ளத்தை உடனே ஏற்றும், மாதங்களில் கரையும். சப்சிஷனுக்குப் பிறகு நார் மறுபடி ஒட்டாமல் தடுக்கவும் உதவும். இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையும் போகலாம் என்பதால், கரைக்கும் மருந்தான ஹயலூரோனிடேஸ் கிளினிக்கிலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கிளைகாலிக், சாலிசிலிக் பீல்கள் நிறத்துக்கும் மீதிப் பருவுக்கும் உதவும். குழிக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் முகம் சிவந்து சூடாக இருக்கும். பாசிப்பயறு மாவு, மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை எதுவும் வேண்டாம். மஞ்சள் கிருமிநாசினி என்று பாட்டி சொன்னது சரியாகவே இருக்கலாம். திறந்த துளைக்குள் மாவுத்தூள் போவது சரியல்ல. மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் அல்லது வாஸ்லின், தலையணைக்குத் துவைத்த உறை. ஊசி போட்டால் இரண்டு நாள், லேசர் என்றால் பொருக்கு விழும்வரை மேக்கப், ஜிம், நீச்சல் இல்லை. ரெட்டினாய்டு, ஆசிட் சீரம், த்ரெட்டிங், வேக்சிங் ஒரு வாரம் கழித்து. ஆண்கள் பொருக்கு இருக்கும்வரை பிளேடு வைக்கக் கூடாது.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்தச் சிகிச்சைகள் எதையும் செய்யாமல் இருப்பதே மேல். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கருமையையும் தடுக்கும் என்பதால் நமக்கு அதுவே நல்லது. துளைகள் மூடும் வரை, அதாவது முதல் நாள், அதையும் பூசாமல் வீட்டுக்குள்ளேயே இருங்கள். கத்திரி வெயில் காலத்தில் லேசரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிகிச்சை செய்த இடம் கறுக்கத் தொடங்கினால் பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். மருத்துவர் தரும் நிறம் குறைக்கும் பூச்சோடு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடும். அது மங்கும்வரை அடுத்த சிட்டிங் தள்ளிப்போக வேண்டும். கருமையின் மேலேயே அடுத்ததைச் செய்வதுதான் அதை நிரந்தரமாக்கும் வழி.

குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், காய்ச்சல், கொத்தாகக் கொப்புளம், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருக்கும் வீக்கம், ஃபில்லருக்குப் பின் தோல் வெளுப்பது அல்லது வலைபோல நீலம் படர்வது, பார்வை மங்குவது: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கிளினிக் மூடியிருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கு

கொலாஜன் உருவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாவது சிட்டிங் முடிந்ததும் "ஒண்ணுமே தெரியல" என்று இடம் மாற்றுகிறவர்கள், விதைத்ததை அறுக்காமல் போகிறார்கள். ஒரே சன்னல், ஒரே நேரம், முன்முகம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. கிளினிக் காட்டும் முன்-பின் படங்களிலும் வெளிச்சம் ஒன்றுதானா என்று பாருங்கள்; முன்படத்தில் பக்கவெளிச்சம், பின்படத்தில் நேர்வெளிச்சம் என்றால் குழியை ஏற்றியது விளக்குதான்.

கல்யாணத் தேதி குறித்த பிறகு வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு கணக்கு: பத்து முதல் பன்னிரண்டு மாதம் முன்பு தொடங்கினால் சப்சிஷன், கிராஸ், மைக்ரோநீட்லிங் மூன்றும் நிதானமாக முடியும். ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் சப்சிஷனும் மைக்ரோநீட்லிங்கும் மட்டும். மூன்று மாதம் என்றால் புதிதாக எந்த அமிலமும் லேசரும் வேண்டாம். பருவையும் நிறத்தையும் கவனித்துக்கொண்டு, தேவைப்பட்டால் கரையும் ஃபில்லர் பற்றிக் கேளுங்கள். எதுவானாலும் கடைசிச் சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் எட்டு வாரமாவது இருக்கட்டும். கருமை வந்தால் அது தெளியவே குறைந்தது அவ்வளவு நாள் வேண்டும்.